மீட்டர் காட்டாத புகை

வீடுகளின் மின் பயன்பாட்டைத் தணிக்கை செய்வது என் தொழில். மின்கட்டணம் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்காத குடும்பம் இல்லை. அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று கேட்பவர்களோ மிகச் சிலர். நிலக்கரியில் பிறந்த யூனிட்டும் காற்றாலையில் பிறந்த யூனிட்டும் மீட்டரில் ஒன்றுபோலவே பதிவாகும் என்பதால், இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் வெளியேறும் கரியமில வாயுவைக் கணக்கிட்டால், மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரியும்.

காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நிலக்கரியில் உற்பத்தியாகும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 820 கிராம் கரியமில வாயுவுக்கு நிகரான மாசு உண்டாகிறது. இயற்கை எரிவாயுவுக்கு அது 490 கிராம், கூரைச் சூரியத் தகட்டுக்கு 41, அணுமின்சாரத்துக்கு 12, நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு 11. தகடு செய்யும் ஆலையிலும் புகை வரத்தானே செய்கிறது என்று என்னிடம் பலர் வாதிடுவதுண்டு. வரத்தான் செய்கிறது, மேலே சொன்ன 41 கிராமில் பெரும்பகுதி அந்தப் புகைதான்.

நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் மின்சாரமாக மாறுகிறது. மீதி குளிர்விப்பு நீரோடும் புகையோடும் வீணாகப் போய்விடுகிறது. அந்தப் புகையில் கந்தக டை ஆக்சைடும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், பாதரசமும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும் கலந்திருக்கின்றன. ஆகவே நிலக்கரியை விட்டுத் தூய மின்சாரத்துக்கு மாறுவதால் புவி வெப்பமடைதலில் நம்பிக்கையில்லாதவருக்கும் பயன் உண்டு.

எனினும், எந்த வீட்டிலும் தகடு வாங்குவதை நான் முதல் வேலையாகச் சொல்வதில்லை. விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி என எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைக் கவனித்தால், அதன் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். காத்திருப்பு நிலையில் கிடக்கும் தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, மோடம் போன்றவை எல்லாம் சேர்ந்து 50 வாட் இழுத்தால், ஆண்டுக்கு 438 யூனிட் ஆகிறது. அதற்காகக் கூடுதல் தகடு வாங்குவது வீண்செலவு. அடுத்து, தண்ணீர் சூடாக்குவது. சுருள் வைத்த கீசர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்தையே தரும். வெப்பப் பம்ப்போ, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் இழுத்துக்கொள்வதால், அதே மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தரும்.

கூரையைப் பொறுத்தவரை, நிழல்தான் முதல் எதிரி. தகட்டிலுள்ள சூரிய மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் குறைந்துபோகும். நிழல் விழுந்த பகுதியை விலக்கி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் மாற்றுப்பாதை டையோடுகள் இழப்பை ஓரளவு கட்டுப்படுத்துமேயன்றி நீக்கிவிடா. ஆகவே காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் நிழல் எங்கு விழுகிறது என்று பார்க்காமல் தகட்டின் இடத்தை முடிவு செய்யும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர்; சேமிப்பு பேட்டரி இல்லாத, மின்கட்டமைப்போடு மட்டும் இணைந்த இன்வெர்ட்டர், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது, அது பழுதன்று. பகலில் தகடு தரும் மின்சாரத்தை அப்போதே பயன்படுத்துவது சேமித்து வைப்பதைவிடச் சிக்கனமானது. துணி துவைத்தல், மோட்டார் ஓட்டுதல் ஆகியவற்றை நண்பகலுக்கு மாற்றிக்கொள்வதற்குச் செலவே இல்லை.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்குக் கூரை கைவசம் இல்லாமல் இருக்கலாம். பசுமை மின்சாரத் திட்டம் கிடைக்கும் இடங்களில், அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கூடுதலாகச் செலுத்தும் பணம் புதிய காற்றாலையோ சூரிய மின்நிலையமோ அமைவதற்குப் போகிறதா, பல்லாண்டுகளாக ஓடும் நீர்மின் நிலையத்தின் பசுமை மின்சாரச் சான்றிதழை வாங்குவதோடு நின்றுவிடுகிறதா என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது அவசியம். இரண்டாவது வகையில், பெயர் பசுமையாகுமேயன்றி நிலக்கரியின் எரிப்பு அநேகமாகக் குறையாது.

சொந்தக் கூரை உள்ளவர்கள், நீர்க்கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும். தகடுகள் 25 ஆண்டுகள்வரை அங்கேயே இருக்கப்போகின்றன. இடையில் அவற்றைக் கழற்றி மாட்டும் கூலி, கசிவை அடைக்கும் செலவையே மிஞ்சிவிடக்கூடும்.