‘ஊசி 13’ எங்கே இருக்கிறது?

“மாமா, இதுல ஊசி 13 எங்க இருக்கு?”

கேட்டவள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள். கையில் தமிழில் அச்சடித்த செய்முறைக் கையேடு. மேசை மேல் பிரெட்போர்டு என்கிற துளைப் பலகை, அதில் ஏடிமெகா328பி என்ற ஒரு ஐசி (புரோகிராமை ஏற்றி ஓட்டும் சில்லு), 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், 220 ஓம் தடையோடு ஒரு சிவப்பு எல்இடி. ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் பலகையில் புரோகிராமை ஏற்றிவிட்டு, ஐசியை மட்டும் பிடுங்கித் தனியாக ஓட்டிப் பார்க்கும் பயிற்சி. “ஊசி 13-ஐ வெளியீடாக அமைக்கவும். எல்இடியை ஊசி 13-இல் இணைக்கவும்” என்றது கையேடு. அவள் ஐசியின் கால்களை ஒழுங்காக எண்ணி, பதின்மூன்றாவதில் எல்இடியை மாட்டியிருந்தாள். எரியவில்லை. அப்படி மாட்டினால் எரியவும் எரியாது. காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த ஊசியைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தின் ‘பின்’னுக்குக் கையேடு வைத்த தமிழ் அது. காணொளிகளின் அடிவரிகளில், செயலிகளின் உதவிப் பக்கங்களில் ‘உள்ளீட்டு ஊசி’, ‘தரை ஊசி’, ‘ஊசி பயன்முறை’ என்று பல நாளாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே வந்து, ஒரு பிள்ளையின் ஒரு சாயங்காலத்தையும் வீணாக்கிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘பின்’ என்ற சொல்லின் பழைய பொருள் ஊசியே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது மர ஆப்பு, முளை. இரண்டு மரத்துண்டுகளைச் சேர்க்கத் தச்சர் அடிப்பாரே, அது. இறகைக் குறிக்கும் ‘பின்னா’ என்ற லத்தீன் சொல்லோடு அகராதிக்காரர்கள் உறவு சொல்வார்கள். மின்னணுவியலுக்குள் இது வால்வுகளோடு வந்தது. பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிக் குழாயின் அடியில் முளைகள் இருக்கும், அவற்றைச் சாக்கெட்டில் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். 1935-இல் வந்த ஆக்டல் அடிப்பாகத்தில் எட்டு முளைகளுக்கு இடம். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, அறுபதுகளில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் வைத்த ஐசி வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. சொல் வரலாறு அவ்வளவுதான்.

இதில் ஊசி எங்கிருந்து நுழைந்தது? மொழிபெயர்த்தவர் அகராதியில் ‘பின்’னைத் தேடியிருப்பார், குண்டூசி என்று இருந்திருக்கும், குண்டை எடுத்துவிட்டு ஊசியை வைத்துக்கொண்டிருப்பார். ஐசியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஊசி என்றால் நமக்குத் தைக்கிற ஊசி, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி ஊசி. “ஊசி 4-இல் 5 வோல்ட் கொடுக்கவும்” என்று படித்தால் கம்பவுண்டர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. “மூன்றாவது ஊசி போய்விட்டது” என்று யாராவது சொன்னால், நேற்று வைத்த சாம்பார் ஊசிப்போனதைச் சொல்கிறாரோ என்று தோன்றும். சரி, சிரிப்பாக இருப்பது ஒரு குற்றம் இல்லை. கணினி மவுஸுக்கு வைத்த ‘சுட்டெலி’யையும் ஒரு காலத்தில் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நாம். ஊசியின் மேல் எனக்குள்ள கோபம், அது பொய் சொல்கிறது என்பது. ஊனோ பலகையை எடுத்துப் பாருங்கள். 13 என்று அச்சடித்திருக்கும் இடத்தில் இருப்பது ஓட்டை! கறுப்புப் பிளாஸ்டிக் வரிசையில் ஒரு சதுர ஓட்டை. கம்பியைத்தான் அதற்குள் செருக வேண்டும். ஓட்டையைக் காட்டி ஊசி என்றால் படிக்கிற பிள்ளை எதைத் தேடும்? ஊசியின் காதையா?

நியாயமாகச் சொன்னால் ஊசி பொருந்துகிற இடமும் ஒன்று உண்டு. சில பலகைகளின் ஓரத்தில் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிமிர்ந்து நிற்கும் கம்பி வரிசை இருக்கும். அதை ஊசி வரிசை என்று எழுதினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். கைதவறி அழுத்தினால் நிஜமாகவே குத்தும்.

“ஊசி தூய தமிழ்ச் சொல், அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டிலும் தூய தமிழ்ச் சொல்தான். அதற்காக நாற்காலியைக் கட்டில் என்று சொல்வோமா?

இன்னொரு கட்சி, பேசாமல் ‘பின்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்பது. வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், நானும் அப்படித்தான் பேசுகிறேன். த்ரீ பின் பிளக், சின்ன பின் சார்ஜர் எல்லாம் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொற்கள். கடன்சொல் என்பதால் எனக்கு ஒவ்வாமை ஒன்றும் இல்லை. வோல்ட்டையும் ஐசியையும் இந்தப் பக்கம் முழுக்க நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ‘பின்’னுக்கு எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் ஏற்கெனவே ஒரு பின் உட்கார்ந்திருக்கிறது. “பின் 13-ஐ வெளியீடாக அமைக்கவும்” என்பதை “அதன் பிறகு 13-ஐ அமைக்கவும்” என்று படித்தால் படித்தவர் மேல் தப்பில்லை. வேற்றுமை உருபு சேர்ந்தால் இன்னும் மோசம். “எல்இடியைப் பின்னால் இயக்கலாம்”, “பின்னுக்கு மின்சாரம் கொடு”. பேச்சில் தொனி காப்பாற்றிவிடும். அச்சில் தொனி கிடையாது.

இவ்வளவு தேடலுக்கும் நடுவில், ஒருவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை: ரேடியோ மெக்கானிக்கிடம். மின்னணுச் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் போய் நில்லுங்கள். “இந்த ஐசிக்கு எத்தனை கால்?”, “ஒரு கால் உடைஞ்சிருக்கு, வேற குடு”, “எல்இடியில நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ்”. எந்தக் குழுவும் கூடி உட்கார்ந்து ஆக்கித் தந்த சொல் அல்ல அது. சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்த மனிதர்கள் பொருளைப் பார்த்து வைத்த பெயர். பார்த்தாலே புரிகிறது, ஐசி கால் ஊன்றித்தான் நிற்கிறது. நாற்காலிக்கும் முக்காலிக்கும் பந்தலுக்கும் கால் வைத்த மொழி, ஐசிக்கு வைக்கத் தயங்குவானேன்? ஏடிடைனி85 என்று ஒரு குட்டி ஐசி இருக்கிறது, சரியாக எட்டுக் கால். கையில் எடுத்துப் பார்த்தால் சிலந்தி மாதிரியேதான் இருக்கும்.

இது நம் ஊர்க் கடைத்தெரு வழக்கு மட்டும் என்று யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். ஜெர்மானியர்கள் ஐசியின் பின்னைப் பேச்சில் ‘பைன்ஷென்’ என்பார்கள், குட்டிக் கால் என்று பொருள். ரஷ்யர்களின் ‘நோஷ்கா’வும் அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் ‘பத்’ என்பார்கள், விலங்கின் கால். பார்த்த கண் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறது.

கால் என்றால் நான்கில் ஒரு பங்கு என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். வரும். ‘கால் ஆம்பியர்’ என்று எழுதுகிற கட்டுரையில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘4-ஆம் கால்’ என்று எழுதிவிட்டால் கால் பங்கு என்று யாரும் மயங்கப் போவதில்லை.

இப்போது எரியாத எல்இடிக்கு வருவோம். என் அக்கா மகள் எண்ணியது சரியான முறையில்தான். ஐசியின் ஒரு தலைமாட்டில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். அது மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலையில் 1. அங்கிருந்து இடப்பக்கமாகக் கீழே 14 வரை இறங்கி, வலப்பக்கமாக ஏறி வந்தால் 1-க்கு நேர் எதிரே 28. இந்தக் கணக்கில் பதின்மூன்றாவது கால், ஆர்டுயினோ புரோகிராமில் 7 என்று பெயர் பெற்றது. புரோகிராமில் 13 என்று வருவது இந்த ஐசியில் 19-ஆம் காலில் இருக்கிறது. அவள் 13-ஐ மினுக்கச் சொல்லிப் புரோகிராம் எழுதிவிட்டு, 7-இல் விளக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆக ஆங்கிலத்தில் ‘பின்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று, கண்ணால் பார்த்து விரலால் எண்ணக்கூடிய உலோகக் கால். மற்றது, புரோகிராம் எழுதுகிறவர் பெயர் சொல்லி அழைக்கிற இடம். ஆங்கிலத்திலேயே இதனால் குழப்பம் நிறைய. அதே 19-ஆம் காலுக்கு, ஐசியைச் செய்தவர்கள் தரும் தகவல் தாளில் பிபி5 என்று மூன்றாவதாக ஒரு பெயர் வேறு. கால்களும் புரோகிராம் அழைக்கிற இடங்களும் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பொருந்துவதும் இல்லை. ஏடிமெகா328பி-க்குக் கால் 28, அவற்றில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஆகக்கூடியவை 23. மீதி ஐந்தும் மின்சாரத்துக்கும் தரைக்கும் (கிரவுண்டுக்கும்) அனலாக் அளவீட்டின் ஒப்பீட்டு மின்னழுத்தத்துக்கும் போய்விட்டன. அவற்றைப் புரோகிராம் தொடவே முடியாது. இந்தக் குழப்பம் எல்இடி எரியாததோடு நின்றால் பரவாயில்லை. புரோகிராமில் 7 என்றிருக்கிறது என்பதற்காக 7-ஆம் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பொத்தானை வைத்தால், அழுத்துகிற நொடியில் 5 வோல்ட் நேராகத் தரைக்குப் போய் ஷார்ட் ஆகும். ஏனென்றால் 7-ஆம் கால், மின்சாரம் நுழைகிற கால்.

இரண்டு பொருள் இருந்தால் இரண்டு சொல் வேண்டும். கண்ணால் காண்பதற்குக் கால் இருக்கிறது. புரோகிராம் அழைப்பதற்கு நான் ‘முனை’ என்பேன். மின்கலத்துக்கு நேர்முனை, எதிர்முனை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தெருமுனை, போர்முனை, குமரிமுனை எல்லாவற்றிலும் முனை என்பது ஒன்று முடிந்து இன்னொன்றைச் சந்திக்கிற இடம். ஐசிக்குள் ஓடுகிற கணக்கு வெளி உலகத்தைச் சந்திப்பதும் அங்கேதான். ஊனோ பலகையில் அந்த இடம் ஓட்டையாக இருந்தால் என்ன, முனை முனைதான். ராஸ்பெரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040 ஐசிக்குக் காலே கிடையாது. 7 மில்லிமீட்டர் சதுரத்தின் அடிவயிற்றில், ஓரங்களைச் சுற்றித் தட்டையான 56 உலோகப் பட்டைகள். அங்கே கால் என்ற சொல் தோற்றுவிடும், ஊசி கேட்கவே வேண்டாம். முனை தாங்கும்.

எழுதும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலுக்கு ‘ஆம்’ போடுவேன், முனைக்குப் போட மாட்டேன். 19-ஆம் கால், முனை 13. 19-ஆம் கால் என்பது எண்ணி வருவது; முனை 13 என்பது ஒரு பெயர், வீட்டுக் கதவு எண் மாதிரி. பன்னிரண்டு வீட்டைத் தாண்டினால்தான் 13 வரும் என்று கட்டாயம் இல்லை.

கையேட்டின் மற்றக் கொடுமைகளைப் பார்த்தால், ஊசியே பரவாயில்லை என்று தோன்றும். ‘பின்மோட்’ என்ற கட்டளையை ‘ஊசி பயன்முறை’ என்று மொழிபெயர்த்துக் கட்டளை வரிக்குள்ளேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை அப்படியே தட்டினால் கம்பைலர் பிழை காட்டும். கட்டளைப் பெயரைத் தொடக்கூடாது, விளக்கத்தைத்தான் தமிழில் எழுத வேண்டும் என்பதுகூடவா தெரியாது? ‘மிதக்கும் ஊசி’ என்று ஒரு தலைப்பு. உள்ளீடாக அமைத்துவிட்டு எதிலும் இணைக்காமல் விட்ட முனையைச் சொல்கிறார்களாம். தண்ணீரில் கிடப்பது மிதக்கும். பிடிமானம் இல்லாமல் இருப்பதற்குத் தமிழில் அந்தரத்தில் நிற்பது என்று பெயர். அக்கா மகளிடம் ஒரு முனையை அந்தரத்தில் விட்டு, அது படிப்பதை எல்இடியில் தெரியும்படி வைத்துக் காட்டினேன். 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1; நடுவில் இருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லும். கம்பியின் பக்கத்தில் அவள் கையைக் கொண்டுபோனாள், எல்இடி தாறுமாறாக மினுங்கியது. தொடவே இல்லை. “பேய் பிடிச்ச மாதிரி ஆடுது மாமா” என்றாள்.

அதை அடக்க, முனையை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஒரு தடை வேண்டும். ஐசிக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரை ஒன்று இருக்கிறது, ஒரு கட்டளையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கையேடு அதற்கு ‘இழு-மேல் மின்தடை’ என்கிறது. கிணற்றில் வாளியை மேலே இழு என்பார்களா, இழு மேல் என்பார்களா? சுடுசோறு, ஊறுகாய் என்று வினைத்தொகை போட்டுப் பழகிய மொழி இது. மேலிழுதடை, கீழிழுதடை என்றால் முடிந்தது.

‘துறைமுகம் பி’ என்ற ஒன்றும் அதில் வருகிறது. எட்டு முனைகள் வரை சேர்த்துக் கட்டிய தொகுதியான போர்ட்டைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கப்பல் நிற்கும் போர்ட்டும், வாசல் என்ற பொருளில் வந்த போர்ட்டும் வேறு வேறு. இங்கே இருப்பது வாசல். சரி, வாயில் என்று வைக்கலாம் என்றால், தருக்கச் சுற்றுகளின் ‘கேட்’டுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இதற்கு நல்ல சொல் என் கையில் இன்னும் வரவில்லை. அதுவரை போர்ட் பி என்றே எழுதுகிறேன். கப்பலையாவது அதற்குள் விடாமல் இருக்கலாம்.