பெற்ற பிள்ளையின் இரத்தம் தாய்க்குச் சேராதா?

மாசி மாதம், காலபோக அறுவடை முடியும் நேரம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து பெரியம்மா தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒரு லீற்றருக்கு மேலான இரத்தம் தசைக்குள்ளேயே வடிந்துவிடலாம். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் மூன்று மகன்மாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருடையதும் சேரவில்லை. "பெற்ற பிள்ளையின் இரத்தம் தாய்க்குச் சேராமல் எப்படிப் போகும், மிஸ்?" என்று மூத்த அண்ணா தாதியிடம் சண்டைக்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'ஒரே இரத்தம்' என்று சொல்லித்தானே நாங்கள் வளர்ந்தோம்.

விடை செங்குழியத்தின் தோலில் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் மயிர்க்கால் போலச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓ இனத்தவரிடம் அந்தச் சங்கிலி மொட்டையாக முடிகிறது. பி இனத்தவருக்கு அதன் நுனியில் கலக்டோஸ் ஒன்று கூடுதலாக இருக்கும். பாற்சர்க்கரையில் பாதியாக இருப்பதும் இதே கலக்டோஸ்தான். ஏ இனத்தவருக்கு அதே கலக்டோஸ், ஒரு சிறு வால் ஒட்டியபடி இருக்கும். ஏபி என்றால் இரண்டும் உண்டு. இத்தனை சண்டையும் அந்த நுனிச் சர்க்கரைக்காகத்தான்.

குடலில் வாழும் பற்றீரியாக்களின் மேலும் இதை ஒத்த சர்க்கரைகள் உண்டு. குழந்தை பிறந்த சில மாதங்களில் அவற்றைக் கண்டு உடல், வேற்றுப்பொருளைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கிக்கொள்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை மட்டும் விட்டுவைக்கிறது. ஆகவே பிறர் இரத்தத்தை ஒருநாளும் கண்டிராத ஓ இனத்தவரின் உடலிலும் ஏ, பி இரண்டுக்கும் எதிரான படை தயாராகக் காத்திருக்கிறது. பொருந்தாத செங்குழியங்கள் உள்ளே போனால் அவை நாளத்துக்குள்ளேயே உடைக்கப்படும். காய்ச்சல், நடுக்கம், இடுப்புவலி வரும். சிறுநீர் சாயத்தேநீர் நிறமாகும். உடைந்த குழியங்களிலிருந்து சிந்திய ஈமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். கார்ல் லான்ட்ஸ்டைனர் வியன்னாவில் 1901ஆம் ஆண்டு ஏ, பி, ஓ இனங்களைப் பிரித்துக் காட்டும் வரை இரத்தம் ஏற்றுவது ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கல்தான்.

இனி, குடும்பக் கணக்கு. பெரியம்மா ஓ, பெரியப்பா ஏபி. பிள்ளை ஒவ்வொன்றும் தாயிடமிருந்து மொட்டைச் சங்கிலிக்கான மரபணுவையும், தந்தையிடமிருந்து ஏ அல்லது பி ஒன்றையும் வாங்கும். பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் ஓ பிறக்க வழியில்லை. அண்ணன்மாரில் இருவர் ஏ, ஒருவர் பி. தாயின் செங்குழியங்களை மூவருக்கும் ஏற்றலாம். மூவருடையதையும் தாய்க்கு ஏற்ற முடியாது. வாங்க மட்டுமே தெரிந்த பிள்ளைகள் என்று பெரியம்மா பின்னாளில் சிரித்தார்.

நம்பாத அண்ணாவுக்கு ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். வெள்ளைத் தட்டில் நீலத் துளி ஒன்று, மஞ்சள் துளி ஒன்று. நீலம் ஏ-க்கு எதிரானது, மஞ்சள் பி-க்கு எதிரானது. இரண்டிலும் அவருடைய இரத்தத்தைக் கலந்து தட்டை மெல்லச் சாய்த்தார்கள். மஞ்சளில் இரத்தம் சீராகப் பரவியது. நீலத்தில் பால் திரிவது போலச் சிவப்புத் துணுக்குகள் பிரிந்து நின்றன. பெரியம்மாவின் இரத்தம் இரண்டிலும் திரியவில்லை.

இனம் பொருந்தினாலும் நெருங்கிய உறவின் இரத்தத்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை என்பது எனக்கே புதிய செய்தி. உறவினரின் வெண்குழியங்களை நோயாளியின் உடல் வேற்றாள் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே குடியேறி அந்த உடலையே தாக்கத் தொடங்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கதிர்வீச்சால் அவற்றை முடக்கிய பிறகே ஏற்றுவார்கள்.

இரத்த இனத்தோடு சேர்த்துச் சொல்லும் ஆர்.எச். பொசிட்டிவ், நெகட்டிவ் என்பது வேறு கதை. அங்கே படை முன்கூட்டித் தயாராக இருப்பதில்லை. நெகட்டிவ் உடல் ஒருமுறை பொசிட்டிவ் இரத்தத்தைச் சந்தித்த பிறகே ஆயுதம் செய்யத் தொடங்கும். நெகட்டிவ் தாய்க்குப் பொசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணிநேரத்துக்குள் ஊசி போடுவது அடுத்த குழந்தையைக் காக்கத்தான். இந்தக் குடும்பத்தில் எல்லாரும் பொசிட்டிவ்.

பெரியம்மாவுக்கு ஏறியது இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த இரண்டு பை ஓ பொசிட்டிவ். பையின் செங்குழியத்தை அவருடைய இரத்தத்தின் தெளிந்த நீரோடு கலந்து, திரியவில்லை என்று பார்த்த பிறகே ஏற்றினார்கள். பையில் இனமும் இலக்கமும் காலாவதித் திகதியும் இருந்தன; கொடுத்தவர் பெயர் இல்லை.

இதற்கிடையே வாங்கில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் பெரியப்பா. அவருடைய ஏபி செங்குழியம் மனைவிக்கு ஆகவே ஆகாது. ஆனால் இரத்தத்தின் மஞ்சள் நீரான திரவவிழையத்தில் கணக்கு தலைகீழ்: ஏபி இனத்தவருடையதில் ஏ-க்கும் பி-க்கும் எதிரி இல்லை, அதனால் யாருக்கும் ஏற்றலாம், பெரியம்மாவுக்கும்கூட. இதைக் கேட்டதும் அவரும் எழுந்து சட்டைக் கையை மடித்தார். வயதைக் கேட்டார்கள். அறுபத்தெட்டு. அறுபது கடந்தவர்களிடம் எடுப்பதில்லை என்று சொல்லித் திரும்பவும் உட்காரவைத்துவிட்டார்கள்.