இணை நிரலாக்கம்: ‘ஒருங்கிணைந்த’ வேண்டாம்

‘பேரலல் புரோகிராமிங்’ என்பதை ‘ஒருங்கிணைந்த நிரலாக்கம்’ என்று எழுதும் வழக்கத்தை இனியும் பொறுக்க முடியவில்லை. பாடக்குறிப்பைத் திறந்தாலும் மொழிபெயர்த்த கையேட்டைத் திறந்தாலும் இதுதான் கண்ணில் படுகிறது.

‘பேரலல்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கம்: ‘ஒன்றன் பக்கத்தில் ஒன்று’ என்பது பொருள். கணிதத்தில் நாம் இணைகோடு, இணைகரம் என்று எப்போதோ சொல்லிவிட்டோம். இலங்கையில் சமாந்தரம் என்பார்கள். சம இடைவெளி என்னும் பொருளுள்ள வடசொல். தெளிவான சொல்தான், ஆனால் ‘இணை’ கையில் இருக்கும்போது எனக்கு அது தேவையில்லை.

ஒருங்கிணைப்பது என்றால் பலவற்றை ஒன்றாக்குவது. இணை நிரலாக்கமோ ஒரே வேலையைப் பலவாகப் பிரித்து, செயலியின் பல கோர்களில் (தனித்தனியே கணக்கிடும் அலகுகளில்) ஒரே சமயத்தில் ஓடவிடுவது. நேர் எதிரான பொருள்! ‘இணை’ என்று பெயரடையாக நின்றால் பக்கத்தில் பக்கத்தில் செல்வது. ‘இணைந்த’ என்று எச்சமாக்கினால் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு விகுதியில் பொருள் கவிழ்கிறது. போதாக்குறைக்கு, நிரல் எழுதும் மென்பொருளுக்கு ‘ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகப் படிக்க வருபவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் அவர் மீது என்ன தவறு?

இது வெறும் சொற்சண்டை அல்ல. 2005 வாக்கில் செயலிகளின் கடிகார வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்று, சாதாரண மடிக்கணினிக்கும் பல கோர்கள் வந்தபின், இந்த வேலை ஆய்வகங்களை விட்டு அன்றாட நிரலாளரிடம் வந்துசேர்ந்தது. அதை எளிதாக்கும் கருவிகளோ அதற்கு முன்பே வரத் தொடங்கிவிட்டன. 1997-இல் ஃபோர்ட்ரானுக்கும் அடுத்த ஆண்டு சி மொழிக்கும் வெளியான ஓப்பன்எம்பி என்னும் இணை நிரலாக்கத் தரத்தில், ஒரு மடக்கின் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதியின்) மேல் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதன் சுற்றுகள் பல இழைகளுக்கு (ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் சரடுகளுக்கு) பங்கிடப்படும். 2014-இல் ஜாவா 8 தந்த இணை ஓடைகளும் (பேரலல் ஸ்ட்ரீம்) இதே நோக்கம் கொண்டவை. ஆனால் ஒரு சுற்று இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்கவில்லை, பொதுவான மாறியில் இரண்டு இழைகள் ஒருசேர எழுதவில்லை என்பதை உறுதிசெய்வது நிரலாளரின் பொறுப்பு. ஓப்பன்எம்பியில் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) அதைச் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதியே கிடையாது. ஒன்றையொன்று தொடாத பாதைகள் என்ற எண்ணம்தான் இங்கே உயிர். ‘இணை’ அதைச் சொல்கிறது. ‘ஒருங்கிணைந்த’ அதை மறைக்கிறது. அகராதியைப் புரட்டுமுன் நிரல் என்ன செய்கிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையாவது பார்க்கக் கூடாதா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘கன்கரன்சி’யையும் இணை என்றே எழுதிவிடுகிறார்கள். ஒரே கோர் பல வேலைகளை மாற்றி மாற்றிக் கவனித்தாலும் அது கன்கரன்சிதான்; இணை இயக்கத்துக்கோ ஒரே கணத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்மையாகவே ஓட வேண்டும். மூன்றாம் வேற்றுமைக்கு ‘உடனிகழ்ச்சி’ப் பொருள் உண்டென்று நன்னூல் படித்த எவருக்கும் தெரியும். அதையொட்டிக் கன்கரன்சிக்கு ‘உடனிகழ்வு’ என்று வைத்துக்கொண்டு, ‘இணை’யைப் பேரலலுக்கே விட்டுவிடுங்கள். இரண்டு பேர் ஒரே திரையின் முன் அமர்ந்து எழுதும் முறைக்கும் ‘இணை நிரலாக்கம்’ என்கிறார்கள். அதை ‘இருவர் நிரலாக்கம்’ என்றால் யாருக்கும் மயக்கம் வராது.