சளி பிடித்தால் மூக்கின் செல்களுக்குள் என்ன நடக்கிறது?

கடும் சளியில் இருப்பவரின் மூக்கின் உட்புறத்திலிருந்து துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எதிர்பார்த்த சேதம் இருக்காது. இன்ஃப்ளூயன்சா மூச்சுப்பாதையின் உட்தோலையே உரித்துப் போடும். சாதாரணச் சளியில் ஏறத்தாழ பாதிக்குக் காரணமான ரைனோவைரஸ் அப்படிச் செய்வதில்லை. ஆங்காங்கே சில செல்களில் மட்டும் தொற்றுகிறது. மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் பெரும்பாலும் நம் செல்களின் எதிர்வினை.

மூக்கின் உட்தோலில் ஒவ்வொரு குற்றிழைச் செல்லின் தலையிலும் சுமார் 200 இழைகள் உண்டு. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, மேலே படிந்த சளிப்படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே விழும் வைரஸில் பெரும்பகுதி இப்படியே வயிற்றுக்குப் போய் அமிலத்தில் அழிகிறது. தப்பியவை செல்லின் மேலுள்ள ஏற்பிப் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. ரைனோவைரஸில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஏ, பி பிரிவுகளில் பெரும்பாலானவை ஐகேம்-1 என்ற புரதத்தையும், சில கெட்ட கொழுப்பை உள்ளிழுக்கும் ஏற்பியையும், சி பிரிவு சி.டி.எச்.ஆர்.3 என்ற புரதத்தையும் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு வில்லங்கம்: அழற்சி கூடினால் ஐகேம்-1 கூடுதலாக உருவாகும். அதாவது வைரஸுக்குக் கதவுகள் பெருகும்.

உள்ளே புகுந்த வைரஸ் வெறும் 30 நானோமீட்டர் அகலம். அதன் மரபுக் குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழை சுமார் 7,200 எழுத்துகள் நீளம். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரிபோசோம் அதை நேரடியாகவே படித்து ஒரே நீண்ட புரதச் சங்கிலியாக்கும். வைரஸின் நொதிகள் அதை வேண்டிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். 2ஏ என்ற நொதி இன்னொரு வேலையும் பார்க்கிறது. நம் புரதங்களின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு காரணியை அது வெட்டிவிடுவதால், அந்தச் செல்லில் வைரஸுக்கான வேலை மட்டும் நடக்கும். அரை நாளுக்குள் புது வைரஸ்கள் தயார்.

ஆனால் ஆர்.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும்போது, வைரஸால் மறைக்க முடியாத ஒன்று உருவாகிறது: நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஆரோக்கியமான செல்லின் சைட்டோபிளாசத்தில் அது காணக் கிடைப்பது அரிது. எம்.டி.ஏ.5 என்ற உணரி அதைக் கண்டதும், வைரஸ் வந்ததை அறிவிக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வெளியேறும் இன்டர்ஃபெரான், தொற்றிய செல்லைவிட அண்டை செல்களுக்குத்தான் அதிகம் உதவுகிறது. அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அவை உருவாக்கும் புரதங்களில் ஒரு கூட்டம், வைரஸ் நுழைந்தவுடன் ஆர்.என்.ஏ.ஸ் எல் என்ற நொதியை முடுக்கி, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.வை நறுக்கிவிடும். தொற்றிய செல் சில நேரம் தானே செத்தும் போகிறது. வைரஸின் உற்பத்தி அங்கேயே நிற்கும். ஆய்வகத்தில் வளர்த்த மூக்குத் திசுவில் இன்டர்ஃபெரான் வழியை மருந்தால் அடைத்துவிட்டால், தொற்று கண்டபடி பரவுகிறது. ஆக எல்லாம் முதல் சில மணி நேரப் பந்தயம்.

அந்தப் பந்தயத்தில் வெப்பநிலைக்கும் பங்குண்டு. மூக்கின் உள்ளே சுமார் 33 டிகிரிதான். வெளிக்காற்றைப் பொறுத்து மாறும். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இயங்கிய சளி ஆராய்ச்சிப் பிரிவில் டேவிட் டைரல் 1960-இல் வளர்ப்புச் செல்களை 33 டிகிரியில் வைத்துத்தான் இந்த வைரஸ்களை வளர்த்துக் காட்டினார். குளிர்ந்த மூக்கில் வைரஸ் செழிப்பதற்கு 2015-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு இன்னொரு காரணத்தைச் சேர்த்தது: எலியின் மூச்சுப்பாதைச் செல்கள் 37 டிகிரியில் விரைந்து, வலுவாக இன்டர்ஃபெரான் வழியை இயக்குகின்றன, 33-இல் மந்தம். இதை வைத்து, ஆவி பிடித்தால் வைரஸ் ஒழியும் என்று கணக்குப் போட வேண்டாம். சோதனைகளில் நிலையான பலன் தெரியவில்லை. குழந்தைகள் கொதிநீரைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்வது மட்டும் நிச்சயம் நடக்கிறது. மூக்குக்கு இதமாக இருக்கிறது என்றால் பெரியவர்கள் கவனமாகப் பிடிக்கலாம், அவ்வளவே.

இன்டர்ஃபெரானோடு அழற்சிச் சமிக்ஞைகளும் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்றான பிராடிகைனின் ரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கசியவைக்கிறது: அடைப்பு, நீர். ஐ.எல்.-8 என்ற இன்னொரு சமிக்ஞை நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை அழைக்கிறது. அந்த வெள்ளணுக்களில் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் நொதியின் நிறமே பச்சை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; நிறம் மட்டும் பாக்டீரியாவுக்குச் சாட்சி அல்ல. ஒவ்வாமையில் போல இங்கே ஹிஸ்டமின் ஏறுவதில்லை. அதனால்தான் ஹிஸ்டமினைத் தடுக்கும் செடிரிசின் மாத்திரை சளிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே அடைப்பைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட வீங்கி, சொட்டு இல்லாமல் மூச்சே விட முடியாத நிலை வரும்.

அப்படியானால் இன்டர்ஃபெரானையே மூக்கில் தெளித்தால் என்ன? 1957-இல் அது கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்தே இந்த ஆசை உண்டு. 1980-களில் போதிய அளவு தயாரிக்க முடிந்ததும் வீடுகளில் சோதித்தார்கள். வீட்டில் ஒருவருக்குச் சளி வந்ததும் மற்றவர்கள் தெளித்துக்கொண்டால், ரைனோவைரஸ் சளி நன்றாகவே குறைந்தது. சளி தொடங்கிய பின் தெளித்தால் பலன் மிகச் சொற்பம்; அதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். நீண்ட நாள் தெளித்தவர்களுக்கோ மூக்கு வறண்டு, அடைத்து, சளியில் ரத்தம் கலந்து வந்தது. சளியைத் தடுக்கக் கொடுத்த மருந்தே சளியின் அவதியைத் தந்ததால், அந்தத் தெளிப்பு மருந்துக் கடைக்கு வரவில்லை.