எத்னிசிட்டி: இனமா, இனத்துவமா, இனக்குழுவா?

'தன் இனத்தின் கலாச்சாரத் தூதுவராக வெளிநாடு சென்ற வீராங்கனை.' ஒலிம்பிக் வந்தால் போதும், இந்த வாக்கியம் ஏதாவது ஒரு விளையாட்டுப் பக்கத்தில் முளைத்துவிடும். ஆள் மட்டும் மாறுவார். இதில் இனம் என்பது எது? தோல் நிறமா, நாடா, பேசும் மொழியா, பிறந்த குடியா? ஆங்கில மூலத்தில் எத்னிசிட்டி என்றிருந்தாலும் இனம், ரேஸ் என்றிருந்தாலும் இனம், சில நேரம் நேஷனுக்கும் அதே இனம்.

சொல்லின் கதை சுருக்கமாக: கிரேக்கத்தில் 'எத்னோஸ்' என்றால் கூட்டம். ஹோமர் தேனீக் கூட்டத்துக்கும் பறவைக் கூட்டத்துக்கும்கூட இதையே சொல்கிறார். கிரேக்க விவிலியத்தில் இது யூதரல்லாத மக்களைக் குறித்தது. அந்த வழியில் ஆங்கிலத்திலும் 'எத்னிக்' என்றால் நெடுங்காலம் புறச்சமயத்தார்தான். எத்னிசிட்டி இன்றைய பொருளில் புழங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில். மொழி, வழக்கம், முன்னோர் பற்றிய நினைவு, 'நாங்கள் ஒரு கூட்டம்' என்ற எண்ணம், இவற்றால் சேர்வது எத்னிசிட்டி. உடல் தோற்றத்தை வைத்து ஆளைப் பிரிப்பது ரேஸ்.

நம் 'இனம்' இதற்கு வெகு அருகில் இருந்த சொல். பழம்பாட்டில் ஆனினம் (பசுக்கூட்டம்) உண்டு, இனவண்டு (கூட்டமான வண்டு) உண்டு. குறளில் சிற்றினம் சேராமை என்னும்போது இனம் என்பது கூடிப் பழகும் கூட்டம். அங்கே பிறப்புக்கு வேலையே இல்லை. ரேஸுக்கும் இதையே தூக்கிக் கொடுத்ததில்தான் குழப்பம் தொடங்கியது. மானிடவியலார் ரேஸுக்கு 'மரபினம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாளிதழ்கள் அதைத் தொடுவதில்லை. சிங்கப்பூர் கதை வேறு. அங்கே அரசே ரேஸை இனம் என்கிறது, ஜூலை 21 இன நல்லிணக்க நாள். அது ஊறிப்போன வழக்கு, இருக்கட்டும்.

அப்புறம் 'இனத்துவம்'. இலங்கைக் கல்வி எழுத்தில் வேரூன்றிய இந்தச் சொல் இப்போது இங்கேயும் கட்டுரைகளில் தலைகாட்டுகிறது. தமிழ்ச் சொல்லின் வாலில் வடமொழி விகுதி என்று தூய தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பெரிய குறை இல்லை; தனித்துவத்தையும் முக்கியத்துவத்தையும் விட்டு நாம் ஒரு பத்தி எழுதுவதில்லை. என் குறை காதில் விழும் பொருள் பற்றியது. முதலாளித்துவம் ஓர் அமைப்பு, கொள்கை. அதே காதில் இனத்துவம் விழுந்தால் அதுவும் ஏதோ கொள்கை போல, இனவாதத்தின் தம்பி போல ஒலிக்கிறது. இத்தனைக்கும் இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே எத்னிசிட்டிக்கு நல்ல பாடம். தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் அங்கே தனி இனமாக எண்ணப்படுகிறார்கள், இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் தனித்தனி. மொழி ஒன்றானாலும், தோற்றத்தில் பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், 'நாங்கள்' வேறு. இதைச் சொல்ல 'இனம்' போதுமானதாக இருக்கிறது, துவம் எதற்கு?

'இனக்குழு' என்பார் சிலர். அதில் வேறு வம்பு. சங்க காலத்தை ஆராய்ந்த மார்க்சியர்கள் 'இனக்குழுச் சமூகம்' என்று எழுதியது அரசு உருவாகும் முன்பிருந்த குலக்கூட்ட வாழ்க்கையை. அந்த நூல்களில் பழகியவரிடம் ஜப்பானியரை இனக்குழு என்று சொல்லிப் பாருங்கள், வில்லும் அம்பும்தான் நினைவுக்கு வரும்.

சரி, நான் எழுதுவது: ரேஸ் என்றால் மரபினம், கூட்டத்தைச் சொல்ல இனம், எத்னிசிட்டி என்ற தன்மையைச் சொல்ல இன அடையாளம். இரண்டு சொல்லாகிவிட்டதே என்பார்கள். ஆகட்டும். ஒற்றைச் சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் விற்பனைச் செயலிகள் 'எத்னிக் வேர்' என்பதை மொழிபெயர்த்து, சல்வாரையும் சேலையையும் 'இன உடைகள்' என்று அடுக்கி வைத்திருக்கின்றன. மரபுடை என்று எழுத யார் தடுத்தது?

இனி அந்த வீராங்கனைக்கு வருவோம். ஆஸ்திரேலியப் பழங்குடியான அபாரிஜினல் மக்களில் ஒருவரான ஓட்டக்காரர் கேத்தி ஃப்ரீமன் 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வென்று, ஆஸ்திரேலியக் கொடியோடு அபாரிஜினல் கொடியையும் ஏந்தி ஓடினார். அணித் தலைமை கடிந்துகொண்டது. அடுத்த வெற்றிக்கும் இரண்டு கொடியோடுதான் ஓடினார். 2000இல் சிட்னியில் 400 மீட்டரை 49.11 விநாடியில் முடித்தபோதும் கையில் இரண்டு கொடி. காலணியில்கூட அபாரிஜினல் கொடியின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள். குடியுரிமை ஒன்று, இன அடையாளம் ஒன்று, இரண்டையும் அவரே பிரித்துக் காட்டிவிட்டார். ஆனால் அவரைத் தூதர் என்பது பொருந்தாது. அவரை யாரும் அனுப்பவில்லை, தடுக்கத்தான் பார்த்தார்கள்.

அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீராங்கனை அல்தியா கிப்ஸன் தூதர். 1955 இறுதியில் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரை டென்னிஸ் குழு ஒன்றில் சேர்த்து பர்மா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் என்று அனுப்பியது. உள்நாட்டு நிறவெறி வெளியில் நாறிக்கொண்டிருந்த நேரம், கறுப்பர் ஒருவர் ஆடுவதை ஆசியா பார்க்கட்டும் என்ற கணக்கு. அனுப்பியது நாடு, தேர்ந்தெடுத்த காரணம் மரபினம். இவரைப் போய் 'தன் இனத்தின் கலாச்சாரத் தூதுவர்' என்று எழுதினால் அனுப்பியவர் யார் என்பதே தலைகீழாகிறது.

இப்போதோ வெளிநாட்டில் இரண்டு ஆட்டம் ஆடினாலே தூதர், பற்பசை விற்றாலும் தூதர். உண்மைத் தூது வேறு: 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளுக்கு முகமது அலியை அனுப்பினார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். தான்சானியாவில் அந்நாட்டு அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். தலைநகரில் குத்துச்சண்டை வீரர் காத்திருக்க, அதிபர் வரவில்லை. தூது என்றால் இப்படித் திருப்பி அனுப்பப்படவும் இடம் உண்டு. பற்பசைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.