இருபது நிமிடத்தில் லண்டன்

பாரிஸில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனுக்கு 10:20-க்கு வந்து சேரும் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். இருபதே நிமிடம்! லண்டனிலிருந்து அதே 10 மணிக்குக் கிளம்பினாலோ பாரிஸ் போய்ச் சேர 12:20 ஆகிவிடும். எல்லாம் கடிகாரத்தின் குறும்பு. பாரிஸ் நேரம் லண்டன் நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அதைச் சரிக்கட்டினால் இரு பக்கமும் 80 நிமிடம்.

அந்த 80 நிமிடமும் இடிக்கிறதே! பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோவுக்கு வான்வழியில் சுமார் 350 கி.மீ.தான். ஜெட் விமானம் உயரே மணிக்கு 830 கி.மீ. போகும். வகுத்தால் 25 நிமிடம். மீதி 55 நிமிடம் எங்கே போயிற்று?

டிக்கெட்டில் இருப்பது 'பிளாக் டைம்'. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும்வரை ஆகும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், அங்கே வரிசையில் காத்திருப்பதும் இதில் சேர்த்தி. ஆம்ஸ்டர்டாமின் போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கியவர்களைக் கேளுங்கள்: சக்கரம் தரையைத் தொட்ட பிறகும், நெடுஞ்சாலைக்கு மேலே பாலமேறிக் கடந்து, கால் மணி நேரம் ஊர்ந்தாக வேண்டும்.

வானிலும் முழு வேகம் கிடைப்பது கொஞ்ச நேரமே. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ.தான் வரம்பு. பாரிஸ்–லண்டன் தொலைவுக்கு, ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் இன்னொரு காத்திருப்பு. லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில், இட்லித் தட்டுபோல ஆயிரம் அடிக்கு ஒன்றாக விமானங்கள் வட்டமிடும். ஒரு சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம். அடித்தட்டு விமானம் தரையிறங்கப் போனதும் மற்றவை ஒவ்வொரு தட்டாக இறங்கும்.

தொலைவு கூடினால் காற்றின் கை ஓங்கும். லிஸ்பனிலிருந்து இஸ்தான்புல் சுமார் 3,200 கி.மீ. ஜெட் விமானம் பறக்கும் உயரத்தில் ஐரோப்பாவின் மீது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் காற்று வீசுகிறது. அது மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 930. 3 மணி 26 நிமிடம். திரும்பும்போது 730, 4 மணி 23 நிமிடம். போகையில் மிச்சமானது வருகையில் செலவாகி நேராகிவிடும் என்றுதானே தோன்றுகிறது? கூட்டிப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போய்வர 7 மணி 43 நிமிடம். காற்றோடு 7 மணி 49. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் நட்டம் எப்போதும் ஒருபடி தூக்கல்.

சரி, 'வந்து சேர்வது' என்றால் எந்த நொடி? 2012 மே மாதம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்/பான் விமான நிலையத்துக்குப் போன ஒரு விமானம் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். ஐரோப்பிய விதிப்படி தாமதம் 3 மணி நேரத்தைத் தொட்டால் இந்தத் தொலைவுக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போனது. 2014-இல் தீர்ப்பு வந்தது: விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் நேரமே வந்து சேர்ந்த நேரம்.