விடிய கொதிக்க வச்சா எல்லாம் சரியாகிரும் எண்டு நினைக்காதீங்க

போன கிழமையும் அதே கதைதான். மட்டக்களப்பில படுவான்கரைப் பக்கம் ஒரு சாமத்திய வீடு, பகலைக்கு ஆக்கின மஞ்சள் சோறும் கோழிக்கறியும் மிஞ்சிப் போச்சு, கொட்ட மனமில்லாம ராவு முழுக்கக் கிடாரத்தை மூடி வச்சு, விடிய எழும்பி திருப்பிச் சூடாக்கி பக்கத்து வீடுகளுக்கும் குடுத்திருக்காங்க. எட்டு மணி போல சாப்பிட்டது, பத்து மணிக்குள்ள சின்னப் புள்ளைகள் சத்தி எடுக்கத் தொடங்கிட்டு. நான் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விசாரிக்கப் போனா அந்த வீட்டு அம்மா அழுதழுது கேக்கிறா, "நல்லாக் கொதிக்க வச்சுத்தானே மனே குடுத்தன், மறுகா எப்பிடி?"

இந்த ஒரு கேள்விக்கு எத்தனை வீட்டுக் குசினியில நிண்டு பதில் சொல்லிட்டன், இனி எழுதியும் வைக்கிறன்.

சமைச்ச சாப்பாடு ராவு முழுக்க வெளிய கிடந்திச்சு எண்டா விடிய எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது நல்ல சாப்பாடா மாறாது. கிருமி வேற, கிருமி உண்டாக்கிற நஞ்சு வேற. கொதிக்க வச்சா கிருமி சாகும், சரி, ஆனா ராவு பத்து மணித்தியாலம் அது பெருகி சோத்துக்குள்ள விட்ட நஞ்சு அங்கயேதான் கிடக்கும். பசிலஸ் செரியஸ் எண்ட கிருமி வயல் மண்ணில இருந்தே அரிசியோட வாறது, நீங்க எந்தக் கடையில என்ன விலைக்கு வாங்கின அரிசியா இருந்தாலும் சரி. அதிட வித்திகள், விதை மாதிரித் தூங்கிக் கிடக்கிற வடிவம், சோறு கொதிக்கிற சூட்டுக்கு சாகிறதில்ல, சோறு ஆறி இளஞ்சூடா இரிக்கிற நேரம் பார்த்து முளைச்சுப் பெருகும். சத்தி வரப்பண்ணுற அதிட நஞ்சு 121 பாகை செல்சியஸ்ல 90 நிமிசம் வச்சாலும் அழியாது. உங்கட அடுப்பில தண்ணி கொதிக்கிறதே 100 பாகையில. இப்ப சொல்லுங்க, விடிய ஒரு கொதி விட்டு எதை அழிக்கப் போறீங்க?

கோழிக்கறியும் அப்பிடித்தான். ஆக்கின கையில ஒரு சின்னப் புண், மூக்கத் துடைச்ச கை, அதால கறிக்குள்ள போற ஸ்டெபிலோகொக்கஸ் எண்ட கிருமி விடுற நஞ்சும் கொதிக்கு அசையாது. சாப்பிட்டு ஒண்டுல இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள சத்தி தொடங்கினா எங்களுக்கு முதல் சந்தேகம் இந்த ரெண்டுலயும்தான். 

"மணந்து பார்த்தம் சேர், நல்லாத்தான் இருந்திச்சு" எண்டும் சொல்லுவாங்க. நஞ்சுக்கு மணமும் இல்ல ருசியும் இல்ல. ஊசிப்போன சாப்பாட்ட நீங்களே கொட்டிருவீங்க, எங்களுக்குக் கேஸ் வாறதெல்லாம் நல்லா மணந்த சாப்பாட்டாலதான்.

அந்த வீட்டில சூடாக்காத இன்னொரு கிடாரம் ஒரு மூலையில இருந்திச்சு. மூடியத் திறந்து தேர்மோமீட்டரக் குத்தினன். மேல் சோறு ஆறி விறைச்சுப் போய் இரிக்கு, நடுவில 40 பாகைக்கு மேல காட்டுது, முதல் நாள் பகல் இறக்கின சோறு! கிருமிக்கு இதவிட என்ன வேணும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில சாப்பாடு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருக்கக் கூடாது எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது, வெக்கையான கச்சான் காத்து அடிக்கிற மாதங்கள்ல ஒரு மணித்தியாலமே கூட. ராவு குளிர்தானே எண்டு சிலர் நினைக்கிறாங்க, எங்கட மட்டக்களப்பில எந்த ராவு சாப்பாட்டுக்குக் காணுற அளவு குளிர்ந்திச்சு? விடியப்பறமும் 25 பாகைக்குக் கிட்ட நிக்கிற ஊர் இது.

உடன பழஞ்சோத்தக் கொண்டு வருவாங்க. "எங்கட அம்மம்மா காலம் முழுக்க பழஞ்சோறு திண்டுதானே வயல் செஞ்சவ?" உண்மைதான், நானும் விருப்பமாச் சாப்பிடுறவன். ஆனா அம்மம்மா சோத்த மூடிப் போட்டுட்டுப் படுக்கல்ல, ஆறினதும் தண்ணி ஊத்தி வச்சா. அந்தத் தண்ணிக்குள்ள புளிக்க வைக்கிற நல்ல பக்டீரியா வளர்ந்து புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகள் வளர ஏலாமப் போகும். அதுக்கும் சோறு ராவு பன்னிரண்டு மணி வரைக்கும் காஞ்சு கிடக்காம நேரத்தோட ஊத்தணும், கொதிச்சாறின தண்ணியா இருக்கணும், பானையும் கையும் சுத்தமா இருக்கணும், விடியச் சாப்பிட்டு முடிக்கணும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அதுவும் வேணாம். தண்ணி ஊத்தாம றைஸ் குக்கருக்குள்ள ஓஃப் பண்ணி மூடி வச்ச வெறுஞ்சோத்துக்கும் பழஞ்சோத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, தயவுசெய்து ரெண்டையும் ஒண்டாக்காதீங்க. தேங்காய்ப்பால் விட்ட கறி, சொதி, இதெல்லாம் ராவுக்கு வெளிய வைக்கிற சாமானே இல்ல.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்ல. மிஞ்சும் எண்டு தெரிஞ்ச உடன, படுக்கப் போற நேரம் இல்ல, தெரிஞ்ச உடன, சோத்தையும் கறியையும் பெரிய சட்டியில இருந்து எடுத்து பதிஞ்ச தட்டுகள்ல பரத்திப் போடுங்க, சட்டியப் பச்சத்தண்ணித் தாச்சிக்குள்ள வச்சாலும் கெதியா ஆறும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜுக்குப் போகணும். இளஞ்சூட்டோட வச்சா பிரிட்ஜ் பழுதாகிரும் எண்டு விடியும் வரைக்கும் வெளிய வைக்காதீங்க, பழுதாகாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராவைக்கு பிரிட்ஜ ஓஃப் பண்ணுற வீடுகளும் இரிக்கு, கஷ்டம் விளங்குது, ஆனா அப்பிடிச் செஞ்சா அது வெறும் அலுமாரி. மூடின பிரிட்ஜ் கரண்ட் இல்லாம ஒரு நாலு மணித்தியாலம்தான் குளிர் பிடிக்கும்.

எடுத்த சாப்பாட்ட ஒருதரம் மட்டும், ஆவி பறக்க, நடு வரைக்கும் சூடாக்குங்க. சூடாக்கி, ஆறவிட்டு, திரும்ப வச்சு, திரும்பச் சூடாக்கி எண்டு மூண்டு நாள் இழுக்காதீங்க. பிரிட்ஜ் இல்லாத வீடெண்டா அளவா ஆக்குங்க, மிஞ்சினா சூடு ஆற முதலே பக்கத்து வீட்டுக்குக் குடுங்க.

மீன் கதை வேற. சூரை, கும்பளா மாதிரி மீன்கள் வெயில்ல ஐஸ் இல்லாமக் கிடந்தா ஹிஸ்டமின் எண்ட, அலர்ஜி மாதிரி வருத்தம் தாற பொருள் கூடிரும், அதுவும் கொதிக்குப் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலையிடிச்சு, மேல் கடிச்சா "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" எண்டு நீங்களே முடிவெடுக்காம டொக்டரிட்டக் காட்டுங்க.

புள்ளைக்குச் சத்தியும் வயித்தோட்டமும் எண்டா பாமசியில ஓட்டத்தை நிப்பாட்டுற குளிசை வாங்கிக் குடுக்காதீங்க. ஜீவனி எண்ட உப்புக் கரைசல் தூளை பக்கெட்டில எழுதியிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு கரண்டி கரண்டியாப் பருக்குங்க. சிறுநீர் குறைஞ்சா, கண் குழிஞ்சா, புள்ள சோர்ந்து தூங்கி விழுந்தா, இரத்தம் போனா, உடன ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்சுக்கு அடிங்க. வயசானவங்க, சலரோகம், சிறுநீரக வருத்தம் இரிக்கிறவங்க, கர்ப்பிணிகள் விடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இரிக்கவே வேணாம்.

இன்னொண்டு. நாங்க வர முதல் சட்டி பானை எல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருவாங்க, சாம்பிள் எடுக்க ஒரு பருக்கை இரிக்காது. வெக்கத்துல செய்யிறாங்க எண்டு விளங்குது. ஆனா உணவு நஞ்சாகிறது இலங்கையில அறிவிக்க வேண்டிய நோய், எதால வந்த எண்டு தெரிஞ்சாத்தான் அதே சாப்பாடு இன்னும் எந்தெந்த வீட்டுக்குப் போனது எண்டு தேடிப் போய் மற்றவங்களச் சாப்பிட விடாம மறிக்கலாம். அதால மிச்சத்தக் கொட்டாதீங்க, கொஞ்சத்தச் சுத்தமான டப்பாவுல போட்டு மூடி, ஒருத்தரும் எடுத்துத் தின்னாதபடி சொல்லி பிரிட்ஜில வச்சிட்டு உங்கட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கு ஒரு கோல் எடுங்க. நீங்க ஆசையா ஆக்கிக் குடுத்ததுக்கு ஒருத்தரும் உங்கள ஏச வரல்ல.